பின் மதிலில் ஒரு நடைவழி: எங்கள் ஒழுங்கையைத் திறக்கலாமா?

மலர்_கொழும்பு06 எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுமையாக வாசியுங்கள். இதை ஒழுங்கைக்குள் யாரிடம் கதைக்கத் தொடங்கினாலும் பாதியில் வாக்குவாதமாகப் போய்விடுகிறது, அதனால்தான் இங்கே வந்தேன்.

நான் இருப்பது வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து தரைப்பக்கமாக உள்ளே போகிற ஒரு ஒழுங்கையில். தொடக்கத்திலிருந்து கடைசி வரை ஏறக்குறைய 300 மீட்டர். கடைசியில் ஒரு மதில். மதிலுக்கு அந்தப் பக்கம் சிலாப் போட்டு மூடிய ஒரு கான் (வடிகால்), அதைத் தாண்டினால் அடுத்த ஒழுங்கையின் கடைசி. இரண்டு ஒழுங்கையும் உள்ளே வர வர ஒன்றையொன்று நோக்கி வளைகின்றன, முட்டுகிற இடத்தில் இந்த மதில் நிற்கிறது.

அம்மாவுக்கு 74 வயது. நீரிழிவு, காலில் ஒரு புண் ஆறாமல் இருக்கிறது, வாரத்தில் மூன்று நாள் மருந்து கட்ட வேண்டும். மருந்து கட்டுகிற டிஸ்பென்சரி அடுத்த ஒழுங்கையில், கடைசியிலிருந்து மூன்றாவது வீடு. எங்கள் மொட்டைமாடியில் உடுப்புக் காயப்போடும்போது அதன் கூரை தெரியும், அங்கே ஊசி போட்டுப் பிள்ளை அழுதால் இங்கே கேட்கும். மதில் இல்லையென்றால் அம்மாவின் நடையில் 60, 70 காலடி. இப்போது எப்படிப் போகிறோம் என்றால், ஒழுங்கை முழுக்க நடந்து காலி வீதிக்கு வந்து, அங்கே நடைபாதையில் ஒரு 120 மீட்டர், பிறகு அடுத்த ஒழுங்கைக்குள் திரும்பி அதன் கடைசி வரை. அந்த 120 மீட்டர் இருக்கிறதே, அதுதான் எல்லாவற்றிலும் மோசம். நடைபாதையில் மோட்டார் சைக்கிள் ஏற்றி விட்டிருப்பார்கள், கடைக்காரர் போர்ட்டை வெளியே வைத்திருப்பார், ஒரு இடத்தில் கான் மூடி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறது, அம்மா புண் காலோடு வீதியில் இறங்கித்தான் ஏற வேண்டும், பின்னால் பஸ் வருகிறது. அதனால் ஓட்டோ பிடிக்கிறோம். கிட்டத்து ஹயர் என்று பாதிப் பேர் வர மறுக்கிறார்கள், அவர்களையும் குறை சொல்ல முடியாது.

மகளுக்கும் இதே கதைதான். ரியூஷன் அடுத்த ஒழுங்கையில். பின்னேரம் இருட்டி வந்ததும் நான் கூட்டிக்கொண்டு வரப் போகிறேன். எங்கள் ஒழுங்கையில் முன்பு தனி வீடுகளாக இருந்தவை இப்போது ஒன்றன்பின் ஒன்றாகத் தொடர்மாடியாக எழும்புகின்றன, ஒழுங்கை மட்டும் அதே அகலம். காலை ஏழு மணிக்கு ஸ்கூல் வேன், கார், ஓட்டோ எல்லாம் ஒரே வாய் வழியாகத்தான் வெளிக்கிட வேண்டும்.

2022இல் பெற்றோல் இல்லாமல் வரிசையில் நின்ற நாட்களில்தான் இது எனக்கு நன்றாக உறைத்தது. எல்லாரும் நடந்தோம், பழைய சைக்கிளைத் தூசி தட்டி எடுத்தோம், அப்போதுதான் எந்த இடம் உண்மையில் கிட்ட, எந்த இடம் மதிலால் தூரமாகியிருக்கிறது என்று காலுக்குத் தெரிந்தது.

இப்போது என் கேள்வி. அந்த மதிலில் ஒரு ஆள் போகிற அளவுக்கு, வாகனம் எதுவும் போகாதபடி, ஒரு வழி திறந்தால் என்ன? சில வீட்டார் சம்மதம், சிலர் கேட்டவுடனேயே முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். யாராவது இப்படித் திறந்த அனுபவம் இருக்கிறதா? யாரிடம் முதலில் போக வேண்டும்? நான் யோசிக்காமல் விட்டது ஏதும் இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள்.

வரைபடக்காரி எழுதியது:

வணக்கம் மலர் அக்கா. நான் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் நகரத் திட்டமிடல் படித்துவிட்டு அதே துறையில்தான் வேலை செய்கிறேன். உங்கள் பதிவை வாசித்தவுடன் பதில் எழுத உட்கார்ந்துவிட்டேன், ஏனென்றால் கொழும்பில் வீதி என்று வந்தால் மேம்பாலம், அகலப்படுத்தல், சுரங்கம் என்றுதான் கதை போகும், ஒரு மதிலைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

தெருக்கள் இரண்டு விதமாக அமையும். ஒன்று வலை, மற்றது மரம். வலையில் எந்த முடிச்சிலிருந்தும் எந்த முடிச்சுக்கும் பல வழி இருக்கும். மரத்தில், ஒரு கிளையின் நுனி இலையிலிருந்து பக்கத்துக் கிளையின் இலைக்கு எறும்பு போக வேண்டுமென்றால், இலைகள் இரண்டும் உரசிக்கொண்டு நின்றாலும் அடிமரம் வரை இறங்கித்தான் ஏற வேண்டும். உங்கள் ஊரில் அடிமரம் காலி வீதி. காலி வீதியில் நிற்கிற நெரிசலில் ஒரு பங்கு தூரப் பயணமே இல்லை, உங்கள் அம்மாவைப் போலப் பக்கத்து ஒழுங்கைக்குப் போக வந்தவர்கள்.

கொழும்பிலேயே வலை பார்க்க வேண்டுமென்றால் புறக்கோட்டைக்குப் போங்கள். ஒல்லாந்தர் காலத்தில் போட்ட கட்டம் அது. முதலாம் குறுக்குத் தெருவிலிருந்து ஐந்தாம் குறுக்குத் தெரு வரை ஒரு பக்கம், பிரதான வீதி, கெய்சர் வீதி, பிரின்ஸ் வீதி என்று மறு பக்கம். 300 வருடத்துக்கு மேலாகிவிட்டது, அந்தத் தெருக்கள் லொறிக்காகவோ காருக்காகவோ போட்டவை அல்ல, ஆனாலும் இலங்கையின் மொத்த விற்பனை வியாபாரத்தில் பெரிய பங்கை இன்றும் அவைதான் தாங்குகின்றன.

ஐ.நா.வின் குடியிருப்புகளுக்கான அமைப்பான யூஎன் ஹபிட்டாட் வளர்கிற நகரங்களுக்குச் சொல்கிற ஒரு அளவு இருக்கிறது: நிலத்தில் குறைந்தது 30 சதவீதம் தெருவுக்கு, ஒரு சதுர கிலோமீட்டருக்கு 18 கிலோமீட்டர் தெரு. 18 எங்கிருந்து வந்தது என்று நீங்களே தாளில் போட்டுப் பார்க்கலாம். ஒரு கிலோமீட்டர் சதுரத்தில் நெடுக்கே 9 தெரு, குறுக்கே 9 தெரு, ஒவ்வொன்றும் ஒரு கிலோமீட்டர், கூட்டினால் 18. அப்படியானால் ஏறக்குறைய 110 மீட்டருக்கு ஒரு தெரு, 81 சந்தி. 110 மீட்டர் என்பது வயதானவர்களும் சலிக்காமல் நடக்கிற தூரம். ஆனால் ஒன்று கவனிக்க வேண்டும். தெருவின் நீளத்தை மட்டும் கூட்டிப் பார்த்தால் முட்டுச் சந்துகளும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிடும். வெள்ளவத்தையில் ஒழுங்கைகளுக்குக் குறைவில்லை, சந்திகள்தான் குறைவு. உங்கள் மதிலைத் திறந்தால் புதிதாக ஒரு மீட்டர் வீதிகூடப் போடாமல் ஒரு சந்தி கிடைக்கிறது, காசாகக் கணக்குப் பார்த்தால் நகரத்தில் இதைவிட மலிவான வேலை கிடையாது.

ஏன் இப்படி ஆனது என்றால், பெரிய பெரிய தென்னந்தோட்டங்களும் கறுவாத் தோட்டங்களும் துண்டு துண்டாக விலைப்பட்டபோது, ஒவ்வொரு சொந்தக்காரரும் பெரிய வீதியிலிருந்து தன் எல்லை வரை ஒரு பாதை வெட்டினார், எல்லையில் நிறுத்தினார். பக்கத்துக் காணிக்காரரும் அப்படியே. அந்த இரண்டு பாதையையும் கோர்க்க வேண்டியது யாருடைய வேலையாகவும் இருக்கவில்லை. 1921இல் ஸ்கொட்லாந்து நகரத் திட்டமிடலாளர் பற்றிக் கெடிஸ் கொழும்புக்கு ஒரு நகரத் திட்ட அறிக்கை எழுதினார், அதற்கு முன் சென்னை மாகாணத்து ஊர்களுக்கும் எழுதியவர். அவர் வழக்கமாக வலியுறுத்திய வழி எனக்கு மிகவும் பிடிக்கும்: நெருக்கமான குடியிருப்பை இடித்துத் தள்ளி அகல வீதி போடாதே, ஊரைக் கால்நடையாகச் சுற்றிப் பார், எந்த ஒரு சுவரை, எந்த ஒரு பாழ்வீட்டை எடுத்தால் சந்துகள் மூச்சு விடுமோ அதை மட்டும் எடு. உங்கள் கேள்வி அதே வகை.

சட்டப் பக்கத்தைப் பிறகு எழுதுகிறேன், இப்போது வேலைக்குப் போக வேண்டும்.

ஒழுங்கைவாசி எழுதியது:

தங்கச்சி, நீங்கள் எந்த ஒழுங்கை என்று எனக்கு விளங்கிவிட்டது, நானும் அங்கேதான், அந்த முகத்தைத் திருப்பிய ஆட்களில் நானும் ஒருவன். நேரில் ஒழுங்காகக் கதைக்காமல் விட்டது என் பிழை. இங்கே என் நியாயத்தைச் சொல்கிறேன்.

கடல் பக்கத்து ஒழுங்கைகளைப் பாருங்கள். முன்பு எல்லாம் தண்டவாளத்தோடு முடிந்தன. பிள்ளைகள் நடு ஒழுங்கையில் கிரிக்கெட் விளையாடுவார்கள், பின்னேரம் கதிரை போட்டு இருப்பார்கள். மரைன் டிரைவ் என்ற கடற்கரை வீதி வந்தது. இப்போது காலி வீதி இறுகினால் அத்தனை வாகனமும் அந்த ஒழுங்கைகளுக்குள் இறங்கிக் கடற்கரை வீதிக்கு ஓடுகிறது. என் மச்சாள் அங்கே ஒன்றில் இருக்கிறாள், கேற்றைத் திறந்து காரை வெளியே எடுக்க ஹோர்ன் அடித்துக்கொண்டு பத்து நிமிடம் நிற்கிறாள். திறந்தால் நல்லது என்று சொல்கிறவர்கள் அதையும் ஒருக்கால் போய்ப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, பாதுகாப்பு. போன வருடம் எங்கள் வீட்டு முன் கேற்றால் ஒருவன் ஏறி சைக்கிளைத் தூக்கிக்கொண்டு போனான். ஓடுவதற்கு அவனுக்கு ஒரு வழிதான் இருந்தது, ஒழுங்கையின் முன்னால் இருக்கிற கடைக்காரர் மறித்துப் பிடித்தார். பின்னால் ஒரு ஓட்டை இருந்திருந்தால் சைக்கிள் போனதுதான். எனக்கு 68 வயது, மனைவியும் நானும் மட்டும். கடைசி வீடு எங்களுடையது. எல்லாருக்கும் நடை மிச்சம், எங்கள் படுக்கை அறை ஜன்னலுக்குக் கீழேதான் அந்த நடை.

குறுக்குத்தெரு_குமார் எழுதியது:

நான் கொட்டாஞ்சேனை. பிறந்து வளர்ந்தது முடுக்குக்குள், வேலை புறக்கோட்டையில் ஒரு துணி மொத்தக் கடையில், 22 வருடம். மேலே அந்தத் தங்கச்சி எழுதிய வலைக்கதையை நான் தினமும் கண்ணால் பார்க்கிறேன்.

காலை பத்து மணிக்கு இரண்டாம் குறுக்குத் தெருவில், அந்தச் சிவப்புப் பள்ளிவாசலுக்கு முன்னால், ஒரு லொறி சரக்கு இறக்க நின்றால் தெரு அடைத்துவிடும். லொறி நிற்கும், கார் நிற்கும். ஆனால் சுமை இழுக்கிற நாட்டாமி நிற்க மாட்டார். கரத்தையில் பன்னிரண்டு பேல் துணி ஏற்றியிருப்பார், முன்னால் இழுக்கிறவர் கையைத் தூக்கி ஒரு சத்தம் போடுவார், பின்னால் தள்ளுகிறவர் பக்கவாட்டில் கால் ஊன்றி ஒரு தள்ளு, கரத்தை கெய்சர் வீதிக்குள் திரும்பிவிடும், அங்கிருந்து மூன்றாம் குறுக்குத் தெரு, திரும்பவும் பிரதான வீதி. எந்தச் சந்தியில் எத்தனை மணிக்கு இறுகும் என்று அவருக்குத் தலைக்குள் இருக்கிறது. ஒரு வழி போனால் இன்னொரு வழி. அது முட்டுச் சந்தாக இருந்திருந்தால் அத்தனை பேலும் அங்கேயே வெயிலில் கிடக்கும்.

ஐயாவுடைய பயத்துக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் முடுக்கு இரண்டு வீதியை இணைக்கிற முடுக்கு. அகலம் நாலடி இருக்கும். விடிய ஐந்து மணிக்குப் பால் எடுக்கப் போகிறவர், ஆறு மணிக்கு 102 பஸ் பிடிக்க ஓடுகிறவர், பள்ளிப் பிள்ளைகள், குழாயடியில் தண்ணீர் பிடிக்கிற பெண்கள், ராத்திரி கடை பூட்டிவிட்டு வருகிற என்னைப் போன்றவர்கள், யாராவது எப்போதும் நடந்துகொண்டிருப்பார்கள். புது முகம் வந்தால் யாரைத் தேடி வந்தீர்கள் என்று மூன்று பேர் கேட்பார்கள். எங்கள் பக்கத்தில் களவு போனதெல்லாம் பின்னால் யாருமே போகாத மூலைகளில்தான். ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. ஜன்னலுக்குக் கீழே ஆள் நடக்கிறது என்பது உண்மை. வீட்டுக் கதை வெளியே கேட்கும், வெளிக் கதை வீட்டுக்குள் கேட்கும், எங்கள் அம்மா அதற்காகவே ஜன்னலில் பாதிக்குத் தகரம் அடித்தார். மழைக்குக் கான் நிரம்பினால் அந்த முடுக்கில் கால் வைக்க முடியாது. அந்தக் கான் சிலாப்பை யாராவது கிளப்பி எடுத்துவிட்டால் இருட்டில் வயதானவர்கள் விழுவார்கள், எங்கள் மாமா ஒருவர் அப்படி விழுந்து இடுப்பு முறிந்து ஆறு மாதம் கிடந்தார். மலர் தங்கச்சி, முதலில் அந்தச் சிலாப்பைப் பாருங்கள்.

மலர்_கொழும்பு06 எழுதியது:

ஐயா, நீங்கள் என்று தெரியாமல் எழுதிவிட்டேன், மன்னிக்க வேண்டும். சைக்கிள் களவு போன இரவு எனக்கும் ஞாபகம் இருக்கிறது, நாங்களும் எழும்பி வந்தோம். உங்கள் ஜன்னலைப் பற்றி நான் உண்மையிலேயே யோசிக்கவில்லை. என் அம்மாவின் காலை மட்டும்தான் யோசித்தேன். ஞாயிறு பின்னேரம் வந்து பார்க்கலாமா? குமார் அண்ணை, சிலாப் விஷயம் குறித்துக்கொண்டேன், நன்றி.

மாலபேப்_பக்கம் எழுதியது:

உங்களிடம் 60 காலடிக்கு ஒரு மதில். எங்கள் பக்கத்தில் ஊரே அப்படித்தான் கட்டப்படுகிறது, கொழும்பு வளர்வது இந்தப் பக்கமாக என்பதால் இதையும் எழுதுகிறேன்.

ஆறு வருடத்துக்கு முன் மாலபேக்குக் கிட்ட 8 பேர்ச் காணி வாங்கினோம். தென்னந்தோட்டமாக இருந்த இடம். காணி விற்ற இடத்தில் அழகான படம் காட்டினார்கள், 20 அடிப் பாதை, கான், மின்கம்பம் எல்லாம் இருந்தது. பாதை எங்கே முடிகிறது என்று நாங்கள் கேட்கவில்லை. இப்போது எங்கள் வீட்டுக்குப் பின்னால் இன்னொரு தோட்டம் விற்றுவிட்டார்கள், அதற்கும் ஒரு பாதை, அதுவும் எங்கள் மதிலில் முட்டி நிற்கிறது. அந்தப் பாதையால் போக முடிந்தால் 177 பஸ் நிற்கிற இடம் எங்களுக்கு ஐந்து, ஆறு நிமிட நடை. இப்போது சுற்றிப் போனால் வெயிலில் 20 நிமிடம். நாங்கள் இரண்டு பேரும் பஸ்ஸில் போகிற ஆட்களாகத்தான் வந்தோம், மூன்றாவது மாதமே ஒரு ஸ்கூட்டி வாங்கினோம், பிறகு கார். பக்கத்து வீடுகள் எல்லாவற்றிலும் இதே கதைதான். அத்தனை காரும் காலையில் ராஜகிரியவில் போய் நிற்கிறது.

மாலபேயிலிருந்து கோட்டைக்கு இலகு ரயில் வரும் என்று சொன்னார்கள், ஏறக்குறைய 16 கிலோமீட்டர், 16 நிலையம், ஜப்பான் கடனுக்குக் கையெழுத்தும் போட்டாயிற்று. 2020இல் ரத்துச் செய்தார்கள். அன்று எனக்குப் பெரிய கவலை. ஆனால் இந்தப் பதிவை வாசித்த பிறகு யோசிக்கிறேன், அது வந்திருந்தாலும் எங்கள் ஒழுங்கையிலிருந்து நிலையத்துக்கு யார் நடந்திருப்பார்கள்? பஸ்ஸோ ரயிலோ வாசலிலிருந்து தொடங்குவதில்லை, நடையிலிருந்துதான் தொடங்குகிறது, அந்த நடையை நாங்கள் ஒவ்வொருவரும் 8 பேர்ச் 8 பேர்ச்சாக மதில் கட்டி அடைத்துவிட்டோம். காணி துண்டாடுகிறபோதே பக்கத்துக் காணிக்கு ஒரு நடைவழி விட்டால்தான் அனுமதி என்று வைத்தால் என்ன? ஒரு வீட்டுக்கு ஒரு பேர்ச்கூட இழப்பு வராதே.

பழைய_வெள்ளவத்தையான் எழுதியது:

நான் இப்போது கனடாவில். உங்கள் ஒழுங்கை எது என்று தெரியாது, எங்களுடையது வேறாகவும் இருக்கலாம், ஆனால் அமைப்பு அப்படியே ஒன்றுதான்.

எங்கள் ஒழுங்கையின் கடைசியில் மதில் இருக்கவில்லை. ஒரு மரப் படலை இருந்தது. இடுப்பு உயரம், கீல் ஒன்று கழன்று எப்போதும் சரிந்து நிற்கும், தூக்கித்தான் திறக்க வேண்டும். அதால் அடுத்த ஒழுங்கைக்குப் போவோம், பள்ளிக்கூடம், பாண் வாங்க, எல்லாவற்றுக்கும். 1983 தமிழருக்கு எதிரான கலவரம், யூலை 25ஆம் திகதி காலை காலி வீதிப் பக்கமாகப் புகை எழும்பியது. ஆட்கள் ஒழுங்கைக்குள் இறங்கி வருகிறார்கள் என்று சத்தம். எங்கள் அப்பா எங்கள் ஐந்து பேரையும் அந்தப் படலையால்தான் அனுப்பினார். அந்தப் பக்கம் ஒரு சிங்களக் குடும்பம், அந்த அம்மா எங்களைக் குசினிக்குப் பின்னால் இருந்த அறையில் மூன்று நாள் வைத்திருந்தார். அப்பா கடைசியாக வந்தார், அப்போது முன் வீடு எரிந்துகொண்டிருந்தது. படலை இல்லாமல் முன்னால் ஒரு வழி மட்டும் இருந்திருந்தால் நான் இதை எழுத இருந்திருக்க மாட்டேன்.

அதற்குப் பிறகு அந்த இடத்தில் மதில் எழும்பியது. யாரும் எதிர்க்கவில்லை, நாங்களும் எதிர்க்கவில்லை. பயந்த சனம் மதில் கட்டும். பிறகு சோதனைச் சாவடிக் காலம், இரவில் கதவு தட்டுகிற காலம், பின்னால் அடைத்திருந்தால் மனசுக்கு ஒரு ஆறுதல். ஒழுங்கைவாசி ஐயா சொல்கிற பயம் அந்தக் காலத்திலிருந்து வருகிறது என்று நினைக்கிறேன், அது எனக்கு நன்றாக விளங்குகிறது. ஆனாலும் எனக்குக் கனவில் வருவது அந்தப் படலைதான், மதில் வருவதில்லை.

வரைபடக்காரி எழுதியது:

மேலே பழைய வெள்ளவத்தையான் எழுதியதை வாசித்த பிறகு எனக்குச் சட்டம் எழுத மனம் வரவில்லை, ஒரு நாள் விட்டுத்தான் எழுதுகிறேன்.

மலர் அக்கா, முதல் வேலை அந்த மதில் யாருடையது என்று பார்ப்பது. மாநகர சபை பொறுப்பேற்ற ஒழுங்கையா, தனியார் பாதையா என்று காணி உறுதியிலும் நில அளவைப் படத்திலும் இருக்கும், இரண்டு ஒழுங்கையினதும் வேண்டும். கான் பொதுக் கான் என்றால் அதன் மேல் என்ன செய்வதானாலும் மாநகர சபையின் எழுத்து அனுமதி வேண்டும். பழைய கொழும்பில் துப்புரவுத் தொழிலாளர் வந்து போகவென்று வீடுகளுக்குப் பின்னால் ஒடுங்கிய சனிட்டரி லேன் விட்டிருந்தார்கள், சில இடங்களில் அவை கானும் மதிலுமாக மறைந்துபோய்க் கிடக்கின்றன, உங்களுடையது அப்படி ஒன்றாக இருந்தால் வேலை இன்னும் சுலபம். மதில் ஒழுங்கைவாசி ஐயாவின் காணிக்குள் நிற்கிறது என்றால் அவர் சம்மதம் இல்லாமல் ஒரு செங்கல்லையும் தொடக் கூடாது.

ஒழுங்கைவாசி ஐயாவுக்கு ஒரு விஷயம். பத்து வருடம் தடையில்லாமல் ஆட்கள் நடந்தால் பாதை உரிமை வந்துவிடும் என்ற பயம் பலருக்கு இருக்கிறது, அந்தச் சட்டம் உண்மையில் இருக்கிறது. ஆனால் நீங்கள் அனுமதித்துத்தான் நடக்கிறார்கள் என்று எழுத்தில் இருந்தால் அந்தப் பத்து வருடக் கணக்கு ஓடாது. ஆகவே வாய்ப் பேச்சில் விடாமல் ஒரு நொத்தாரிசிடம் போய் எழுதிக்கொள்ளுங்கள், அது உங்களுக்குத்தான் பாதுகாப்பு.

மரைன் டிரைவ் பற்றி ஐயா சொன்னது முழுக்கச் சரி, அதை ஒதுக்கிவிட்டுக் கதைக்க முடியாது. வாகனத்துக்குத் திறந்தால் அது குறுக்குவழியாகிவிடும். நடைக்கு மட்டும் திறப்பதில் கஷ்டமான பகுதி மோட்டார் சைக்கிள். சக்கர நாற்காலி போகிற இடைவெளியால் மோட்டார் சைக்கிளும் போகும். படி வைத்தால் இரண்டும் நின்றுவிடும், அம்மாவின் காலுக்கும் படி ஆகாது. என் யோசனை, சமதரையாக விட்டு, உள்ளே நுழைந்தவுடன் ஒரு சிறு திருப்பம் வைத்து, நடுவில் இரும்புக் குழாய்க் கம்பம் ஒன்று நட்டால், நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போகலாம், மோட்டார் சைக்கிளில் ஏறியிருந்து ஓட்டிப் போவது பெரும்பாடு. திருப்பத்தில் மதிலை நெஞ்சு உயரத்துக்கு இறக்க வேண்டும், மூலையில் ஒருவன் மறைந்து நிற்க முடியாத மாதிரி. ஒரு விளக்கு. ஐயாவின் ஜன்னல் பக்கம் மட்டும் மதில் உயரமாகவே இருக்கட்டும்.

மாலபேப்பக்கம், நீங்கள் கேட்டதைத்தான் நாங்களும் கேட்டுக்கொண்டிருக்கிறோம். துண்டாடலுக்கு அனுமதி கொடுக்கிறபோது பாதை எத்தனை அடி, எத்தனை வீட்டுக்கு என்றுதான் பார்க்கிறார்கள், அது எதோடு சேர்கிறது என்று பார்ப்பது மிகக் குறைவு. கட்டி முடிந்த ஊரில் ஒவ்வொரு மதிலுக்கும் இப்படி ஒரு மாதம் கதைக்க வேண்டியிருக்கிறது. வெறும் காணியாக இருக்கும்போது நாலடி விடுவது ஒரு கோடு போடுகிற வேலை.

ஒழுங்கைவாசி எழுதியது:

பழைய வெள்ளவத்தையான், நீங்கள் எழுதியதை மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். நாங்கள் இந்த வீட்டுக்கு வந்தது 1991இல், மதில் அப்போதே இருந்தது, ஏன் எழும்பியது என்று நாங்கள் கேட்டதில்லை.

முழு நேரம் திறந்து விட எனக்கு இன்னும் சம்மதம் இல்லை. விடிய ஆறிலிருந்து இரவு எட்டு வரை என்றால் யோசிக்கலாம். இரும்புக் கேற், பூட்டு, திறப்பு எங்களிடம் ஒன்று, மலர் வீட்டில் ஒன்று, அந்தப் பக்கம் டிஸ்பென்சரியில் ஒன்று. ஆறு மாதம் பார்ப்போம். சரிவராவிட்டால் திரும்ப அடைக்க வேண்டும், அதையும் எழுதிக்கொள்ள வேண்டும்.

மலர்_கொழும்பு06 எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. ஞாயிறு போய்ப் பார்த்தோம். ஐயா, நான், அந்தப் பக்கத்து டிஸ்பென்சரி டொக்டர், மேசன் ஒருவர். மதிலும் கானும் சேர்த்து நாடா பிடித்து அளந்தோம், கானின் அகலம் இரண்டே முக்கால் அடி, மதிலிலிருந்து அந்தப் பக்கத்து வேலி வரை மொத்தம் ஆறடி சொச்சம். படத்தைப் பார்த்தால் மதில் ஐயாவின் காணிக்கு வெளியே, கானின் ஓரத்தில் நிற்கிறது, அவருக்கே அது புதிய செய்தி. மாநகர சபைக்கு எழுதுகிற கடிதத்தில் முதல் கையெழுத்து அவருடையது, இரண்டு ஒழுங்கையிலும் இதுவரை 19 வீடு போட்டிருக்கிறது, நாலு வீடு இன்னும் மறுக்கிறது, அவர்களிடம் இந்த வாரம் திரும்பப் போகிறோம்.

குமார் அண்ணை சொன்னது சரி. சிலாப் ஐந்தில் இரண்டு வெடித்திருக்கிறது, ஒன்று கையால் தூக்கினாலே ஆடுகிறது. மேசன் கம்பி போட்டு மூன்று அங்குலக் கனத்தில் வார்க்கலாம் என்கிறார், டொக்டர் நாலு வேண்டும் என்கிறார், துப்புரவுக்கு வருகிறவர்கள் தூக்கி மூட வேண்டும், அதனால் நாலு அங்குலம் கனமாகிப் போகுமோ என்று எனக்கு யோசனை. இரண்டாகப் பிரித்து வார்த்து, தூக்க இரும்பு வளையம் வைக்கலாமா? அந்த வளையத்தில் கால் இடறாத மாதிரி எப்படிப் பதிப்பது? செய்து பார்த்தவர்கள் இருந்தால் எழுதுங்கள், மழைக்கு முன் வார்க்க வேண்டும்.